சங்கு கண்ணகி வாயை மூடிய ஞாயிறு

தேவநேரிக் குப்பத்துக்கு வந்து கண்ணகி வீடு எது என்று கேட்டால், எந்தக் கண்ணகி என்று திருப்பிக் கேட்பார்கள். சங்கு கண்ணகி என்று சொல்லுங்கள், யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிடுவார்கள். முன்னெல்லாம் ஆலைகளில் ஷிப்டு மாறும்போது ஊதுவார்களே, அந்தச் சங்கு. படூர் அடுக்குமாடிகளின் கேட்டுக்கு வெளியே நின்று "வஞ்சிரம்! வவ்வால்! நெத்திலியேய்!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், பத்தாவது மாடியில் ஏசி போட்டுத் தூங்குகிறவரும் எழுந்து பாத்திரத்தைத் தேடுவார்.

இந்தக் குரலைத் தினமும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற பாவப்பட்ட ஆள் நான்தான். பெயர் தேவேந்திரன். மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். விடிகாலையில் கண்ணகியையும் அவள் கூடைகளையும் தேவநேரியில் ஏற்றி, ஈசிஆர் ரோட்டில் போய், கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகப் படூரில் இறக்கிவிடுவதுதான் என் முதல் சவாரி. எனக்குக் கோபம் சட்டென்று வரும். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி சீட்டுக்கடியில் ஓடினால் கத்துவேன். அவள் என்னைவிடப் பெரிதாகக் கத்துவாள். பினாயில் போட்டுக் கழுவினாலும், சாம்பிராணி காட்டினாலும் என் வண்டியில் மீன் வாடை போகாது. மற்ற சவாரிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறுகிறார்கள். இருந்தும் அவளை விட்டுவிட்டு வேறு சவாரி பிடிக்க எனக்கு மனம் வந்ததில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அவள் மகள் தேவிப்பிரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரியா பிறக்கும்போது அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. ஆறு வயதில் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்தது, கண் பிழைக்கவில்லை. கண்ணகியும் அவள் புருஷன் உலகநாதனும் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத சாமி இல்லை. கடைசியில் ஒரு டாக்டர், இனிமேல் அலையாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். உலகநாதன் அதற்குப் பிறகு கடலுக்குப் போவதும் வருவதுமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கண்ணகி ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு வழி செய்தாள்.

கடற்கரையில் கண் தெரியாதவர்களுக்குக் கைத்தடி உதவாது. மணலில் தடி புதையும். நேற்று வெறும் மணலாக இருந்த இடத்தில் இன்று படகு நிற்கும், வலை காயும், நங்கூரம் கிடக்கும். ஆனால் எங்கள் பக்கத்துக் கரைகளில் ஒரு பழக்கம் உண்டு. படகு கரையேறும்போது, உள்ளே இருப்பவனுக்குப் பின்னால் வருகிற அலையைக் கரையில் நிற்பவர்கள்தான் பார்த்துச் சொல்வார்கள். "இரு, இரு, பெரிய அலை வருது! ம், இப்ப வா!" என்று ஊரே கூவும். கண்ணகி அதையே தன் மகளுக்குச் செய்தாள். ஏலம் நடக்கிற இடத்தில் கூடையோடு நின்றபடியே குரல் கொடுப்பாள்.

"பிரியா, நேரா வா! எதுத்தாப்புல படகு கீது, பீச்சாங்கைப் பக்கம் திரும்பு. நில்லு! வலை விரிச்சிகீறாங்க. ம், இப்ப வா!"

பிள்ளை அந்தக் குரலைக் கயிறுபோலப் பிடித்துக்கொண்டு வந்து சேரும். "நில்லு" என்று காதில் விழுந்தால், தூக்கின காலைக்கூடக் கீழே வைக்காமல் நிற்கும். கண்ணகி அதிகமாகக் கத்திய வார்த்தை ஒன்று உண்டென்றால் அது "ஓடாத!" என்பதுதான். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கால் சும்மா இருக்குமா? முதல் வருடம் முழுக்க "ஓடாத, ஓடாத" என்று குப்பமே அதிர்ந்தது. பிறகு பிள்ளை ஓடுவதை விட்டுவிட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே அம்மாவின் வாய் பிள்ளையைப் பிழைக்க வைத்தது. மீன் விற்கவும் அதே தொண்டை, மகளைக் கூப்பிடவும் அதே தொண்டை. அதற்காக இடுப்புச் சுருக்குப்பையில் பனங்கற்கண்டும் மிளகும் எப்போதும் வைத்திருப்பாள். வண்டியில் ஏறினதும் ஒரு கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வாள். நான் நிம்மதியாக வண்டி ஓட்டுவது அது கரைகிற வரைக்கும்தான்.

பிரியா பன்னிரண்டாவது முடித்து நல்ல மார்க் வாங்கினாள். படூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து ஹாஸ்டலில் சேர்ந்தாள். தினமும் அந்தப் பக்கம்தானே வியாபாரம் என்ற தைரியத்தில்தான் கண்ணகி அதற்குச் சம்மதித்தாள். காலையில் ஹாஸ்டல் கேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி மகளுக்கு ஒரு டப்பா குழம்பு கொடுப்பாள். அப்படிப் போன ஒரு நாளில்தான் பிள்ளையின் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்ததைப் பார்த்தோம்.

"இன்னாடி இது?"

"கதவுல இடிச்சிகினேம்மா."

"கதவு இன்னா ஒன்ன ஓடியாந்து முட்டுச்சா?"

பிரியாவுக்குப் பொய் சொல்ல வராது. கல்லூரியில் பார்வையில்லாத பெண்களுக்கு ஃபுட்பால் குழு ஆரம்பித்திருக்கிறார்கள், அதில் நானும் ஆடுகிறேன், பயிற்சியில் இன்னொரு பெண்ணோடு தலை மோதிவிட்டது என்று சொல்லிவிட்டாள். நானே சீட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். கண்ணகியைக் கேட்க வேண்டுமா?

"கண்ணு தெரியாத புள்ளைங்கள பந்தாட வுட்டுகீறாங்களா? லாரி முன்னால தள்ளிவுடறதுதான் பாக்கி! நீ படிச்சது போதும். துணிமணிய எடுத்து வையி, வூட்டுக்குப் போலாம்."

பிரியா அழவில்லை. அம்மாவின் பிடிவாதம் அந்தப் பெண்ணுக்கும் உண்டு. "சத்தம் வர்ற பந்தும்மா. காதுலதான் ஆடறோம். ஞாயித்துக்கெழம மேட்சு கீது. ஒரே ஒரு தபா வந்து பாரு. பாத்துட்டு, வூட்டுக்கு வாடின்னு நீ சொன்னா வந்துடறேன். எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டேன். ஆனா ஒண்ணு, ஆட்டம் நடக்கசொல்ல நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தம் போட்டா எங்களுக்குப் பந்து கேக்காது."

"நானா சத்தம் போடறவ?" என்று கேட்டாள் கண்ணகி. அந்தக் கேள்விக்கே எதிர் மாடி ஜன்னலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கங்கையம்மன் மேல் சத்தியம், வாயைத் திறக்க மாட்டேன் என்று மகளின் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன்காரிக்கு லீவு விட்டால் அது ஊர் காணாத அதிசயம். அன்று கண்ணகி கூடையைத் தொடவில்லை. சந்தன சோப்பு போட்டு இரண்டு தடவை குளித்திருந்தாள். மாம்பழ நிறப் புடவை, தலை நிறைய மல்லி. மகளின் கல்லூரியில் யாரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்று நினைத்தாளாம். கையில் ஒரு பெரிய ஜிப் பை இருந்தது. திருத்தணிக்கு முடி இறக்கப் போனபோது வாங்கின பை. காலியாகத் தொங்கியது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். சாயந்திரம் அதில் பிரியாவின் துணிகள் வரப்போகின்றன. நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். பிள்ளைக்கு அடிபட்டால் யார் பதில் சொல்வது?

பையை வண்டியிலேயே வைத்துவிட்டு, மரத்தடியில் வண்டியை நிறுத்தி உள்ளே போனோம். வாசலில் ஒரு பெண் எங்களுக்காகக் காத்திருந்தாள். யோகேஸ்வரி என்று பெயர் சொன்னாள். ஊரப்பாக்கத்துப் பெண், அதே கல்லூரியில் விளையாட்டு ஆசிரியைக்குப் படிக்கிறாள். குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. ஆட்டத்தை அவள்தான் எங்களுக்கு விளக்கினாள். ஒரு பக்கத்துக்கு நாலு பெண்கள் ஆடுவார்கள். கோலில் நிற்கிறவள் ஐந்தாவது ஆள், அவளுக்கு மட்டும் பார்வை உண்டு. மற்றவர்கள் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், அரைகுறையாகத் தெரிகிறவளும் கட்டித்தான் ஆக வேண்டும். பந்துக்குள் சலங்கைபோல ஏதோ வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

"கோல் விழுந்தா மட்டும் கத்தலாம்மா. அப்ப எவ்ளோ வேணா கத்துங்க" என்றாள்.

"நான் எதுக்குமா கத்தப்போறேன்" என்று கண்ணகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மைதானத்தின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குப் பலகை அடைத்திருந்தார்கள். நூறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சத்தம் இல்லை. எனக்குத் துக்க வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. நான் பார்த்த ஆட்டமெல்லாம் கபடியும் கிரிக்கெட்டும்தான். அங்கே கத்துவதற்கென்றே போவோம். இங்கே எனக்குத் தொண்டை கரகரத்து ஒரு இருமல் வந்தது, நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். என்னடா இது, காசு கொடுத்தாலும் வரக்கூடாத இடமாக இருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

விசில் ஊதினார்கள். சோழியைக் குலுக்குகிற மாதிரி கலகலவென்று பந்து உருண்டது. பந்தை நோக்கிப் போகிறவள் "வோய், வோய்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டுமாம், எதிரே வருகிறவள் ஒதுங்க. சிவப்பு பனியனில் பிரியா. எங்கள் குப்பத்து மணலில் ஒவ்வொரு அடியாக வைத்து வருகிற பிள்ளை, காலுக்கும் காலுக்கும் நடுவில் பந்தைத் தட்டிக்கொண்டே விடுவிடுவென்று போனாள். எதிர்ப்பக்கத்துக் கோலுக்குப் பின்னால் நின்று வழி சொல்ல ஒரு ஆளுக்கு மட்டும் அனுமதி உண்டாம், அங்கே யோகேஸ்வரி நின்றுகொண்டு குரல் கொடுத்தாள்.

"பிரியா, நேரா! இன்னும் நேரா! லெஃப்ட்ல ஒருத்தி வர்றா! ரைட்ல திரும்பு! அடி!"

பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கண்ணகியின் முகம் சுண்டிப்போயிருந்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் என் காதருகே குனிந்து, "அவ யாரு, எம் பொண்ண கூப்புட?" என்று கேட்டாள். பயம் இருந்ததுதான், ஆனால் வயிற்றெரிச்சலும் இருந்தது. இத்தனை வருடமாக அந்தக் காதுக்குள் போன ஒரே குரல் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அல்லவா.

அந்த நேரத்தில் பிரியா மறுபடி பந்தைப் பிடித்தாள். பலகையை ஒட்டி வேகமாகப் போனாள். எதிரிலிருந்து நீல பனியன் போட்ட ஒரு தடித்த பெண் "வோய், வோய்" என்று வந்தாள். இரண்டு பேரும் மோதிக்கொள்ளப் போகிறார்கள் என்று எனக்கே தோன்றியது.

"பிரியா! நில்லு! ஆளு வர்றா!"

சங்கு ஊதிவிட்டது. கங்கையம்மன் சத்தியமெல்லாம் காற்றில் போனது. மைதானம் முழுக்க அந்தக் குரல் அடித்து, எதிர்க் கட்டிடத்தில் பட்டுத் திரும்பி வந்தது. பிரியா நின்றாள். தூக்கின காலோடு அப்படியே நின்றாள். பந்து அவளைத் தாண்டி உருண்டுபோனது. நீலப் பெண் அதைக் காலில் வாங்கிக்கொண்டு மறுகோடி வரைக்கும் போய் அடித்தாள். கோல்.

நீலக் கட்சிக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். நடுவர் எங்கள் பக்கம் வந்து, இன்னொரு தடவை சத்தம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று பதமாகத்தான் சொன்னார். அதைவிடப் பெரிய தண்டனை மைதானத்துக்குள் இருந்தது. கண்கட்டோடு பிரியா எங்கள் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இடைவேளையில் கண்ணகி எழுந்துவிட்டாள். "நான் வண்டியில போயி ஒக்காந்துகினு இருக்கேன், அண்ணாத்த. என்னாலதான் கோலு வுழுந்துச்சு. எம் பொண்ணு மானத்த வாங்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒக்காரு! பொண்ணு இன்னா சொல்லிச்சு? முழுசா பாத்துட்டு சொல்லுன்னுச்சு. பாதியில எழுந்து போயி இன்னான்னு சொல்லுவ? வாய மூடிக்க உன்னால முடியாதா? வர்றவங்க மீனத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வாங்காமப் போனா மட்டும் எப்டி பல்லக் கடிச்சிகினு நிக்கிற?"

அவள் உட்கார்ந்தாள். சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு பெரிய கற்கண்டுக் கட்டிகளை ஒரே நேரத்தில் வாய்க்குள் போட்டாள். அதற்கு மேல் முந்தானையைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டாள். மிச்சமிருந்த கையால் என் முழங்கையைப் பிடித்தாள்.

இரண்டாவது பாதியில் பிரியா விழுந்தாள். எப்படி மோதினார்கள் என்று தெரியவில்லை, "டம்" என்று பலகை அதிர்ந்தது. நீலப் பெண் ஒரு பக்கம், பிரியா ஒரு பக்கம். பிரியா குப்புறக் கிடந்தாள். கண்ணகியின் நகம் என் சதைக்குள் இறங்கியது. நான் கத்தியிருப்பேன், கத்தினால் என்னையும் வெளியே அனுப்புவார்கள் என்று பல்லைக் கடித்தேன். அவள் மூச்சுகூட விடவில்லை. கண் இரண்டும் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, உள்ளே இருக்கிற குரல் வெளியே வர முட்டிக்கொண்டு நிற்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெற்றவள் ஒருத்தி அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிரியா கையை ஊன்றி உட்கார்ந்தாள். நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் துழாவி அந்த நீலப் பெண்ணின் தோளைக் கண்டுபிடித்து, "அடி பட்டுச்சாடி?" என்று கேட்டாள். அவள் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எங்கள் குப்பத்தில் யாரும் கேட்டதில்லை. அங்கே பிரியா ரொம்ப நல்ல பெண், அடக்கமான பெண். இப்படி வாய்விட்டுச் சிரிக்கத் தெரியும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? என் முழங்கையைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சிவப்புக் கட்சிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பிரியாதான் அடிக்க வந்தாள். யோகேஸ்வரி ஒரு இரும்புக் கம்பியை எடுத்து கோலின் இந்தத் தூணில் ஒரு தட்டு, அந்தத் தூணில் ஒரு தட்டு தட்டிக் காட்டினாள். டிங், டிங். பிரியா தலையைச் சாய்த்து இரண்டையும் கேட்டுக்கொண்டாள். குப்பத்தில் அம்மாவின் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்பாளே, அதே சாய்ப்பு. இரண்டடி பின்னால் போனாள், ஓடி வந்தாள், அடித்தாள். கோல்காரி பாய்ந்தும் பந்து அவள் கைக்குச் சிக்காமல் வலைக்குள் போய்க் கலகலவென்று குலுங்கியது.

அதுவரை மூச்சைப் பிடித்திருந்த நூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். நான் சீட்டின் மேல் ஏறி நின்று விசிலடித்தேன். இனிமேல் சங்கு ஊதலாம், தடையில்லை என்று கண்ணகியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் திறந்துதான் இருந்தது. சத்தம் வரவில்லை. கற்கண்டு கரைந்து வழிய, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசி விசில் ஊதி, ஆட்டம் சமம் என்று அறிவித்ததும் முதல் ஆளாக எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். வண்டியில் ஏறி, காலிப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து யோகேஸ்வரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பிரியா வந்தாள். உண்மையில் பிரியாதான் அவளை இழுத்துக்கொண்டு வந்தாள். "மாமா வண்டி இங்கதான் எங்கியோ கீதுக்கா. மீன் வாடை வருது பாரு" என்றாள். நான் பினாயிலுக்குச் செலவழித்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அன்றைக்கு அந்த வாடைக்கு மனதார நன்றி சொன்னேன்.

"மாமா, அம்மா போயிட்டாங்களா?" என்றாள் பிரியா. சந்தன சோப்பும் மல்லியும் அவளை ஏமாற்றிவிட்டன. "ரெண்டாவது ஆஃப்ல சத்தமே இல்ல. வெளிய அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன். கோல் போட்டப்பகூட அம்மா குரல் கேக்கல."

கண்ணகி மறுபடி முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கம்மா கடைசி வரிக்கும் உள்ளதான் இருந்தா. நீ குப்புற வுழுந்து கெடந்தப்பவும் எம் பக்கத்துலதான் இருந்தா. நம்பலன்னா இத பாரு" என்று பிரியாவின் கையை எடுத்து என் முழங்கையில் வைத்தேன்.

பிரியா தடவிப் பார்த்தாள். கண்ணகியின் நகங்கள் பதிந்த இடம் பிறை பிறையாக வீங்கி, ஒன்றில் ரத்தமும் கசிந்திருந்தது. அவள் விரல் ஒவ்வொன்றின் மேலும் நின்று நின்று போனது. அம்மா எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வண்டிக்குள் கையை நீட்டி அம்மாவைத் தேடினாள். கை முதலில் அந்தப் பையில் பட்டது. ஜிப்பைத் தடவினாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று அழுத்திப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது.

"பை கொண்டாந்துகீறியா?" என்று மெதுவாகக் கேட்டாள். "சரிம்மா. நான் குடுத்த வார்த்த வார்த்ததான். நீ சொல்லு, துணிய எடுத்துகினு வரேன்."

யோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். நான் கண்ணகியைப் பார்த்தேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். பையை எடுத்து மகளின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"இது உனுக்குத்தான்டி கொண்டாந்தேன். பந்தாடற துணியெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சிகினு கீறியாமே. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? இதுல வெச்சிக்கோ. ஜிப்பு நல்லா கீது."

சுத்தமான பொய். பிளாஸ்டிக் கவரைப் பற்றி அவளுக்கு யாருமே சொல்லவில்லை. பொய் என்று எனக்குத் தெரியும், பிரியாவுக்கும் தெரியும். அந்தப் பெண் பையோடு சேர்த்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என் வண்டி ஆடியது.

பிறகு கண்ணகி இறங்கி யோகேஸ்வரியின் முன்னால் போய் நின்றாள். யோகேஸ்வரி ஏதோ பேச முயன்றாள், வெறும் கரகரப்புதான் வந்தது.

"தொண்ட கட்டிகிச்சா கண்ணு? கட்டத்தான் செய்யும்." இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி அந்தப் பெண்ணின் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "கல்கண்டும் மிளகும். கத்தறதுக்கு முன்னால ஒண்ணு, கத்திட்டு ஒண்ணு, வாயில அடக்கிக்க. இத்தினி வருசமா நான் ஒருத்திதான் இத கூப்ட்டுகினு இருந்தேன். நான் போயிட்டா எம் பொண்ண யாரு கூப்புடுவாங்கன்னு நெனச்சி ராத்திரில தூக்கம் வராது கண்ணு. நீ மவராசியா இருக்கணும்."

யோகேஸ்வரி ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது கண்ணகி பேசவில்லை. கேளம்பாக்கம் போனது, கோவளம் போனது, பின்னால் ஒரு சத்தம் இல்லை. இந்த அமைதிக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன், அன்றைக்கு எனக்கு அது பழக்கமில்லாமல் என்னவோபோல் இருந்தது. என்னையும் கூட்டிப்போனாயே என்று அவளிடம் நன்றி சொல்ல நினைத்தேன். சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள் என்று சொல்லவில்லை. இதைப் படித்து யாராவது அவளிடம் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

தேவநேரியில் வெயில் தாழ்ந்திருந்தது. மணல் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். தூரத்தில் தண்ணீர் ஓரம் உலகநாதன் நாலைந்து பேரோடு உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். கண்ணகி இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். இரண்டடி வைத்தவள் நின்றுவிட்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"யோவ்! நம்ம பொண்ணு ஓடுதுயா! ஓடுது!"

கோல் விழுந்தபோது வராத சத்தம் அங்கே வந்தது. கரை முழுக்க வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். உலகநாதன் வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து எங்களை நோக்கி நடந்தான். பாதி தூரத்தில் அவனும் ஓட ஆரம்பித்தான்.